கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தியவர்

செய்தி வந்தபோது நான் மாவு மில்லில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் யாருக்கோ மிளகாய் அரைத்துவிட்டு, அதே இயந்திரத்தில் என் கேழ்வரகைக் கொட்டப் பார்த்தார் மில்காரர். "ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டிட்டு அப்பறம் கொட்டுங்க" என்று நான் சொல்ல, அவர் முறைக்க, அந்த நேரத்தில் போன் அடித்தது. என் மகள் மலர். "அம்மா, அத்தை போயிட்டாங்கம்மா" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருப்பவர் என்பதால் எனக்கு அப்படித்தான் கேட்க வந்தது. அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்கும் என்றுதான் அந்தக் கேழ்வரகையே நான் வறுத்து எடுத்துப் போயிருந்தேன். காலையில் காபியைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தது, எனக்குத் தெரிந்து, அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மில் சத்தத்தில் என் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. மில்காரர் மட்டும் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு கை அரிசியை எடுத்து இயந்திரத்தில் போட்டார்.

தையல்நாயகி என் மகளின் மாமியார். எனக்குச் சம்பந்தி. திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் வயலும் வீடுமாக இருந்தவர். இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள், மீதிப் பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நான் இரண்டும் வாங்கியவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி உறவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை, நாமாகத் தேடிக்கொண்ட சிநேகிதமும் இல்லை. சிரித்துக்கொண்டே ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய உறவு. இலையில் ஒரு கறி குறைந்தால் பத்து வருடம் பேசுவார்கள். மலரைப் பெண் பார்க்க அவர்கள் பட்டுக்கோட்டைக்கு வந்தபோது நானும் அந்த உஷாரோடுதான் நின்றேன். பட்டுப் புடவையும் குங்குமமுமாக முன்னால் வந்து உட்கார்ந்தவர் அவருடைய ஓரகத்தி ராஜேஸ்வரி, அதாவது கணவருடைய தம்பியின் மனைவி. அவரைத்தான் மாப்பிள்ளையின் அம்மா என்று நினைத்து நான் விழுந்து விழுந்து கவனித்தேன். தையல்நாயகி பின்வரிசையில், ஜன்னலோரம், வெளிர் நிறச் சேலையில் உட்கார்ந்திருந்தார். கணவர் இளம் வயதிலேயே போய்விட்டதால் நல்ல காரியங்களில் அவர் முன்னால் வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் அவர்கள் வீட்டார் பதில் சொல்லும் முன் ஜன்னலோரம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது என்னிடம் வந்து, "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். தொலைபேசி நிலையத்தில் இருந்தேன், ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்ப உக்காந்த இடத்துலயே எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்திருக்கீங்க" என்றார். அன்றிலிருந்து கோபம் இல்லாத நாளெல்லாம் எனக்கு அவர் வைத்த பெயர் டெலிபோன் சம்பந்தி.

அவருக்குப் போன் ஆகாது என்று இல்லை. போனில் கேட்டதோடு ஒரு விஷயத்தை விட்டுவிடுவதுதான் ஆகாது. ஒரு சம்பாப் பருவத்தில் நான் அங்கே போயிருந்தேன். கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது என்று வேலைக்காரர் போனில் சொன்னார். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு சம்பந்தி செருப்பைத் தேடினார். "அதான் சொல்லிட்டாரே" என்றேன். "சொல்லிட்டா ஆச்சா? போவ வேணாமா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார். தண்ணீர் ஏறித்தான் இருந்தது. ஏறிய வேகத்தில் ஒரு நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்கு இறங்கிக்கொண்டும் இருந்தது. காலாலேயே சேற்றைத் தள்ளி அடைத்துவிட்டு, "அவரு சொன்னது பொய் இல்ல சம்பந்தி. தண்ணி வந்துச்சு. நிக்கல, அவ்வளவுதான்" என்றார். அந்த வேலைக்காரரிடம் அவர் அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை. 'போவ வேணாமா?' என்ற அந்தக் கேள்வியை மட்டும் அவர் வாயால் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அதன் முழு பலத்தையும் பார்த்தது கொள்ளிடக் கரையில்.

பேத்தி யாழினிக்குக் காது குத்துவது என்று முடிவானது. அவர்கள் குலதெய்வமான ஐயனார் இருப்பது கொள்ளிடத்துக்கு வடக்கே. குழந்தையை முதல் முறை ஐயனாரிடம் எடுத்துப் போகும்போது கொள்ளிடத்தின் தென்கரையில் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். தாய்மாமனும் அவன் மனைவியும் குழந்தையைத் தூக்கிப்போய் ஆற்றில் அதன் காலை நனைக்க வேண்டும். அதன் பிறகுதான் பாலம் தாண்டுவார்கள். கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள், மாமி பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வாள். இது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் மாமனையும் மாமியையும் வீட்டுக்கே வந்து, வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து அழைத்தாக வேண்டும். தட்டு எடுத்து வருகிறவர்கள் சுமங்கலியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தோடு சேர்ந்தது.

தாய்மாமன் என் மகன் சக்திவேல். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறான். அவன் மனைவி கயல். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. அழைக்க யாரும் வரவில்லை. போனில் ஒரு அட்டை வந்தது. பூவும் மயிலும் போட்ட, ஊருக்கே போன அட்டை. அதில் தாய்மாமன் என்று சக்தியின் பெயர் இருந்தது, கயலின் பெயர் இல்லை. "என்னைக் கூப்பிட்டாங்கன்னே வச்சுக்குவோம். கயலை யாரும்மா கூப்பிட்டா?" என்று கேட்டான். மகள் முகத்துக்காக நானும் என் கணவரும் சீர்த் தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டு, மகனையும் மருமகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

அது ஆவணி மாதம். மேட்டூர் நிரம்பி, உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் விட்டிருந்தார்கள். மற்ற வருடங்களில் மணலும் நாணலுமாகக் கிடக்கும் ஆறு அன்றைக்குக் கரைக்குக் கரை தொட்டுக்கொண்டு, செங்காவி நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வேனும் மாப்பிள்ளையின் காரும் முன்பே வந்து புளியமரத்து நிழலில் நின்றிருந்தன. உறவுக்காரர்கள் இறங்கிக் கால் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் கட்டியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தையல்நாயகி எங்களை நோக்கி வந்தார்.

"வாங்க சம்பந்தி. மாமன் பின்னால வர்றாரா?"

என் கணவர் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சங்கடம் வந்தால் வேறெங்காவது பார்ப்பது அவர் சுபாவம். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வரல."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அழைச்சாத்தானே வருவான்" என்றேன். அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதும் அந்த வார்த்தையில் இறங்கிவிட்டது.

அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. குழந்தையை மலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "ராஜி, பட்டுக்கோட்டைக்குப் போயிட்டு வந்தாச்சுன்னு சொன்னியே."

ராஜேஸ்வரி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். "போவத்தான்க்கா நெனச்சேன். அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். பிள்ளைக்கு நல்லது நடக்கற நேரம். அந்தப் பொண்ணு மடி இன்னும் நெறயல. அது வந்து பிள்ளையப் புடிச்சுக்கிட்டு நின்னா, நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம மனசுதானே கெடந்து அடிச்சுக்கும்? அதான் போன்ல சொல்லிட்டா பட்டும் படாம இருக்கும்னு..."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. சுற்றி நின்ற பெண்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. யாரோ ஒருவர், எங்களோடு வேனில் வந்திருந்த என் தங்கை மகனைக் காட்டி, "இவரும் மாமன் முறைதானே, இவரு மடியில வச்சுக் குத்திட்டாப் போச்சு, நல்ல நேரம் போவுது" என்றார். பலரும் தலையை ஆட்டினார்கள். நான் என் மகளைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அந்தக் குழந்தை வேறு யார் மடியிலாவது உட்கார்ந்திருந்தால் என் மகனும் மகளும் அத்தோடு இரண்டு குடும்பம். கயல் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வாசல் தாண்டியிருக்க மாட்டாள்.

தையல்நாயகி வேனுக்குப் போனார். கோயிலுக்கென்று கொண்டுவந்திருந்த பித்தளைத் தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், பழம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பிறகு தன் மகனைக் கூப்பிட்டார். "சரவணா, காரை எடு. பட்டுக்கோட்டை போவணும்."

"அக்கா, நீங்களா?" ராஜேஸ்வரி பதறிப்போய் முன்னால் வந்தார். "தட்டை நீங்க எடுத்துக்கிட்டுப் போனா நல்லாருக்காதுக்கா. வேணும்னா நான் போறேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இத்தினி வருசமா அந்த முறைக்குக் கட்டுப்பட்டுத்தான் தட்டைத் தொடாம இருந்தேன். தொடலாம்னு இருந்தவங்க போவல. அதனால இப்ப நான் போறேன்."

"நல்ல நேரம் முடிஞ்சிடும்க்கா. பூசாரி வேற போன் பண்ணிக்கிட்டே இருக்காரு."

"ஐயனாரு எங்கயும் எழுந்து போயிடப் போறதில்ல. எல்லாரும் இங்கயே உக்காந்து சாப்பிடுங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு வண்டி பாலம் தாண்டக் கூடாது" என்றார். பிறகு என்னிடம், "சம்பந்தி, நீங்களும் ஏறுங்க. உங்க புள்ளை என்னை ஏசினா தடுக்க ஆள் வேணும்ல" என்றார்.

நான் ஏறிக்கொண்டேன். காரில் அவர் தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கும் பயம் இருக்கிறது என்று. பயமில்லாத பெண் என்று அவரை ஊரே சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டே காரில் உட்கார்ந்து போனவரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் மரியாதை அதற்குத்தான்.

பழக்க தோஷம், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தஞ்சாவூரில் சரவணன் டீசல் போட நிறுத்தியபோது இறங்கி நின்று சக்திக்குப் போன் செய்துவிட்டேன். "அத்தையே தட்டெடுத்துக்கிட்டு வர்றாங்கடா" என்றேன். அவன் பதறிவிட்டான். முட்டி வலியோடு அந்த அம்மா அவ்வளவு தூரம் வர வேண்டாம் என்று, மண்டியில் போட்டிருந்த சட்டையோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஒரத்தநாட்டுக்கு அருகில் எங்கள் காரை மறித்து நிறுத்தினான்.

"ஏன் அத்தை நீங்க வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்திருப்பேன்ல? குடுங்க, இங்கயே வாங்கிக்கறேன். அப்படியே திரும்பிப் போவோம்" என்று கையை நீட்டினான்.

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. இவ்வளவுதானே, முடிந்தது என்று நினைத்தேன். சம்பந்தி தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ரோட்டுல நின்னு வாங்கிக்கறதுக்கு இது என்ன நோட்டீஸா? நான் உங்களை மட்டும் அழைக்க வரல மாப்ள. கயல் எங்க?"

"வீட்டுல."

"அப்ப வீட்டுக்குப் போங்க. பின்னாலயே வர்றோம்."

சக்தி என்னைப் பார்த்தான். என்னால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு முன்னால் போனான்.

நாங்கள் போய் இறங்கியபோது கயல் தலைக்குக் குளித்து ஈரத் துண்டோடு நின்றிருந்தாள். சக்தி சொல்லியும் அவள் நம்பியிருக்கவில்லை. தையல்நாயகி வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். இருவரும் சேர்ந்து வந்து நிற்கும் வரைக்கும் உள்ளே கால் வைக்கவில்லை. பிறகு தட்டைச் சக்தியிடம் கொடுக்கவில்லை, கயலிடம் நீட்டினார்.

"கயலு, நம்ம யாழினிக்குக் காது குத்தறோம். நீ மாமியா வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். முன்னாடியே வந்து அழைச்சிருக்கணும். தப்பு எங்க வீட்டுதுதான். மனசுல வச்சுக்காதம்மா."

கயல் தட்டைத் தொடாமல் நின்றாள். "நான் வந்தா யாராச்சும் எதாச்சும் சொல்லுவாங்கம்மா" என்றாள்.

"சொல்லுவாங்க. தாலி இல்லாதவ தட்டெடுத்துக்கிட்டுப் போனான்னு என்னையும்தான் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் சேந்தே கேட்டுக்குவோம். வா."

கயல் தட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கிய வேகத்தில் தேங்காய் உருண்டு விழப்போனது. சரவணன் பாய்ந்து பிடித்தார். எல்லோரும் அழுகையும் சிரிப்புமாக நின்றோம்.

நாங்கள் கொள்ளிடத்துக்குத் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையில் முணுமுணுத்த கூட்டம், கோயிலுக்கென்று கட்டிய புளியோதரையையும் தயிர்சாதத்தையும் தீர்த்துவிட்டு, புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தது. ஆற்றுக் காற்றில் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தாமதத்தில் முழு மனதாகச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் அந்தக் கிடாதான். யாரோ அதை அவிழ்த்து நாணலில் கட்டியிருந்தார்கள். வயிறு புடைக்க மேய்ந்துவிட்டு அசை போட்டுக்கொண்டிருந்தது.

சக்தியும் கயலும் குழந்தையை வாங்கிக்கொண்டு படித்துறையில் இறங்கினார்கள். தண்ணீர் இழுத்த இழுப்புக்கு மேல்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது. சக்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயலைப் பிடித்துக்கொண்டான். கயல் குனிந்து குழந்தையின் காலை ஆற்றில் வைத்தாள். குளிர் பட்டதும் யாழினி காலைச் சுருக்கிக்கொண்டு வீறிட்டாள். கரையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவளே காலை நீட்டித் தண்ணீரை உதைத்தாள். கயலின் முகமெல்லாம் செந்தண்ணீர். துடைக்கக் கை இல்லாமல் அப்படியே சிரித்தாள்.

தையல்நாயகி மேலேயே நின்றார். அந்த நேரத்தில் வேறொருவராக இருந்தால் ராஜேஸ்வரியை ஒரு பார்வையாவது பார்த்திருப்பார்கள். நான் பார்த்தேன், நன்றாகவே முறைத்தேன். சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? ஒரு துண்டை எடுத்து ராஜேஸ்வரியின் கையில் கொடுத்து, "ராஜி, போயி பிள்ளைய வாங்கித் தொடச்சு விடு. சளி புடிச்சிடப் போவுது" என்றார். ராஜேஸ்வரி இறங்கிப் போய்க் கயலின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார். முதலில் குழந்தையின் காலைத் துடைத்தார். பிறகு அதே துண்டால் கயலின் முகத்தைத் துடைத்தார். அதன் பிறகுதான் வண்டிகள் பாலத்தில் ஏறின.

பூசாரி நல்ல நேரம் போய்விட்டது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி அவரிடம் வாதாடவில்லை. ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, "ரொம்ப நேரம் காத்திருந்தீங்க, குடிங்க" என்றார். மோரைக் குடித்து முடித்ததும் அவரே இன்னொரு நல்ல நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சக்தியின் மடியில், கயலின் கைப்பிடிக்குள், பொழுது சாயும் முன் காது குத்தியாயிற்று. யாழினி சக்தியின் கட்டைவிரலை நன்றாகக் கடித்துவைத்தாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்து வந்த ஒரு வருடம் அந்தக் குழந்தை தும்மினால் எனக்கு உயிர் போய்விடும். கயலின் தலையில் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது யாரோ ஜாடையாக ஆரம்பித்தார்களாம். சம்பந்தி, "காய்ச்சல் வந்தா டாக்டரைக் கேப்போம். கயலை எதுக்குக் கேக்கணும்?" என்று சொல்லிவிட்டாராம். மலர்தான் சொன்னாள். என்னிடம் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். போதும் என்றால் கேட்காமல் இலையில் சோற்றை அள்ளிப் போடுவார். பிறர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கத் தெரியாது. முட்டிக்கு வைத்தியம் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று நான் எத்தனையோ தடவை கெஞ்சினேன். எல்லோர் வீட்டுக்கும் நடந்த கால்கள் வைத்தியர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் கணவர் போன பிறகு, என் தம்பி மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. யாரும் சொல்லாமலேயே நான் சமையற்கட்டுக்குள் போய் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களுக்கு நான் எப்படியெல்லாம் எடுத்துச் சொல்பவள்! எனக்கு என்று வந்தபோது கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன. தையல்நாயகி தேடிக்கொண்டு வந்தார். "பீன்ஸ் நறுக்க ஆள் இருக்கு, வாங்க" என்றார். நான் வரவில்லை என்றேன். உடனே அந்த முட்டிகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு கத்தியை எடுத்துக்கொண்டார். "அப்ப நானும் இங்கயே இருந்துக்கறேன். என்னைத் தூக்கி விட ரெண்டு ஆள் வேணும், பாத்துக்குங்க." கொஞ்ச நேரம் நறுக்கிவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "நானும் பல வருசம் இப்படி உள்ளயே உக்காந்திருந்தேன் சம்பந்தி. அதுனால யாருக்கும் ஒரு நல்லதும் நடக்கல." நான் எழுந்து, அவரையும் எழுப்பிவிட்டு, இருவரும் கூடத்துக்குப் போனோம்.

கயலுக்கும் சக்திக்கும் இன்றும் குழந்தை இல்லை. கதையாக இருந்தால் ஐயனார் கண் திறந்தார் என்று எழுதியிருப்பேன். நடக்காததை எழுத மாட்டேன். அவர்கள் ஒரு வீடு கட்டியிருக்கிறார்கள், தென்னந்தோப்புக்கு நடுவில், காற்றோட்டமாக. தை மாதம் பால் காய்ச்சுகிறார்கள். முதல் அழைப்பு கயலின் நாத்தனாரான மலர் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் இப்போது தையல்நாயகி இல்லை, பெரியவராக இருப்பது ராஜேஸ்வரி. யார் போவது என்று பேச்சு வந்தபோது என் தங்கையும் அவள் கணவரும் போகட்டும் என்றார்கள். "நான் போறேன்" என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே ஆச்சரியம். கயல் உள்ளேயிருந்து, "இருங்க அத்தை, நானும் வர்றேன்" என்றாள்.

போன வாரம் போனோம். ராஜேஸ்வரி கதவைத் திறந்தார். தட்டோடு நிற்கும் என்னைப் பார்த்தார், பக்கத்தில் கயலைப் பார்த்தார். "நீங்களே எடுத்துக்கிட்டு வந்தீங்களா சம்பந்தி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன், காரசாரமாக. அது தேவைப்படவில்லை. அவர் கையைக் கழுவிக்கொண்டு, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கொல்லையில் இருந்த கணவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். குங்குமத்தை எடுத்துக் கயலின் நெற்றியில் வைத்தார். "முதல் நாளே வந்துடறேன் கயலு. ஒத்தாசைக்கு ஆள் வேணும்ல" என்றார். பிறகு, "அக்கா இருந்தா எனக்கு முன்னாடி கிளம்பியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன்.

மலர் தையல்நாயகியின் சேலை ஒன்றைக் கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். என்னிடம் அவருடையது ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கை நடுங்க நடுங்க, நானே போகிறேன் என்று எழுந்திருக்கிற துணிச்சல். அதை அவர் எனக்குக் கொடுக்கவில்லை, நான் பார்த்து எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாக இல்லை.